பாதிக் கிணற்றுக்காரி

பத்மாவதிக்கு நன்றி என்பதே தெரியாது என்று உடுவிலில் ஒரு காலம் கதை இருந்தது. தன் புருசனுக்காக உயிரைப் பணயம் வைத்துக் கார் ஓட்டிய மனிதரை, ஊர்ச் சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்டவள் என்று பெயர். அந்தக் கதையில் பாதிதான் உண்மை. எழுந்து நின்றது உண்மை. நன்றி தெரியாது என்பது பொய். அவளைப் போல நன்றியைச் சுமந்து திரிந்தவள் அந்த ஒழுங்கையில் அந்தக் குறுக்குத் தெருவில் வேறு ஒருத்தியும் இல்லை.

அவளுக்குத் தகப்பன் எழுதிக் கொடுத்த சீதனம் ஆறு பரப்புச் செம்மண் தோட்டம். அதோடு, தோட்டத்தின் மேற்கு வேலியோரம் இருந்த கிணற்றில் அரைவாசி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள்தான், ஆனாலும் காணி உறுதிப் பத்திரத்தில் இருந்த அந்த ஒரு வரியை மட்டும் தேவாரம் போல ஒப்புவிப்பாள்: கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் அரைவாசிப் பங்கு. மற்ற அரைவாசி சண்முகநாதனுடையது. இரண்டு பாட்டன்மாரும் சேர்ந்து வெட்டிய கிணறு அது. ஒரு நாள் அவர்கள் இறைப்பார்கள், மறு நாள் இவர்கள் இறைப்பார்கள். அந்த முறை ஒருநாளும் பிசகியதில்லை.

தியாகலிங்கம் அளவெட்டியிலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்தவன். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறும்போது வாயாலேயே நாயனம் வாசிப்பான். தவிலையும் தானே அடித்துக்கொள்வான். பிள்ளை குட்டி இல்லை. அதற்காக அவன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எண்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதத்தில், ஊரடங்கு போட்டிருந்த ஒரு நாள், புகையிலைக் கன்றுகளுக்குள் அவனை விரியன் கடித்தது.

வீதியில் ஒரு சைக்கிள்கூட இல்லை. பத்மாவதி தலைவிரி கோலமாக ஓடி நின்றது சண்முகநாதனின் வாசலில். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டியிருந்த வேட்டியில் பாதியைக் கிழித்துத் தடியில் வெள்ளைக் கொடியாகக் கட்டி, தன் மொறிஸ் மைனர் காரின் யன்னலில் செருகினார். தியாகலிங்கத்தைப் பின் இருக்கையில் கிடத்தி, அவளையும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு விட்டார். வழியில் மூன்று இடத்தில் இந்திய இராணுவம் மறித்தது. இரண்டாவது இடத்தில் துவக்கின் முனையை அவருடைய நெஞ்சில் வைத்தார்கள். அவர் கையை உயர்த்தியபடி, தனக்குத் தெரிந்த நாலு இங்கிலீசுச் சொல்லை வைத்துக்கொண்டு, பின் இருக்கையைக் காட்டிக் காட்டி அழுதார். டொக்டர்மார் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். விடியற்காலையில் தியாகலிங்கம் போய்விட்டான். உடலைக் கொண்டுவந்ததும், கட்டைக்கு மரம் தறித்ததும், முப்பத்தோராம் நாள் வரை கூடமாட நின்றதும் சண்முகநாதன்தான்.

"பத்மா, என்ன தேவையெண்டாலும் கேள்" என்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் முதல் பானையில் ஒரு சட்டி அவர் வீட்டுக்குப் போகும். முதல் பிஞ்சுக் கத்தரிக்காய் போகும். சண்முகநாதனின் மனைவி குணலட்சுமியும் கொண்டுபோன ஓலைக் கடகத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பியதில்லை. அதற்குள் ஒரு முருங்கைக்காயாவது கிடக்கும்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் திரும்பவும் சண்டை மூண்டதும் மண்ணெண்ணெய் வருவது நின்றது. அதுவரை சண்முகநாதனின் தண்ணீர் இறைக்கும் மிசின்தான் வாடகைக்கு அவளுடைய தோட்டத்துக்கும் இறைத்தது. இனி அது நடக்காது என்று அவர் சொன்னபோது அவள் குறை நினைக்கவில்லை. எண்ணெய் அவருடையது. அவருக்கு இரண்டு பெடியன்கள் சுவிஸில் இருந்தார்கள். யானை விலை கொடுத்தாவது அவரால் எண்ணெய் எடுக்க முடிந்தது. அவளால் முடியவில்லை. கிணற்றடி ஆடுகாலில் உளுத்துக் கிடந்த ஏற்றமரமான துலாவை இறக்கி, வேறொரு துலா போட்டு, கல்லுக் கட்டி, தனி ஆளாக வாளியால் இறைக்கத் தொடங்கினாள்.

அதுவரைக்கும் சரி. அடுத்த பங்குனியில் சண்முகநாதன் ஒழுங்கைக்கு அங்கால் நாலு பரப்புக் காணி வாங்கி, திராட்சைக் கொடிக்கு, எங்கள் பேச்சில் முந்திரிகைக்கு, பந்தல் போட்டார். அந்தக் காணிக்கும் இந்தக் கிணற்றுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் ஒழுங்கையைக் கிண்டி, கீழால் ஒரு பைப் போட்டு, இந்தத் தண்ணீரை அங்கே கொண்டுபோனார். அவருடைய நாளில் மிசின் விடியத் தொடங்கினால் பொழுதுபடத்தான் ஓயும். அடிச்சேறு கலங்கும்வரை உறிஞ்சும்.

எங்கள் மண்ணில் கிணறு என்பது கல்லுக்குள் ஊறுகிற கிணறு. ஆடி மாதத்தில் அது மெல்லத்தான் ஊறும். பத்மாவதிக்குக் கிணற்றின் சுவரில் கட்டியிருந்த கல் வரிசைகள் கணக்கு. நல்ல நாளில் தண்ணீர் ஐந்தாம் வரிசையில் நிற்கும். இப்போது அவளுடைய நாளில் விடியப் போய் எட்டிப் பார்த்தால் பதினோராம் வரிசையும் காய்ந்து கிடந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் வாளி அடியில் முட்டிக் கிலுங்கும். பத்துப் பாத்தி வெங்காயத்தில் மூன்று நனையும். மற்ற ஏழும் அடுத்த முறைக்குக் காத்திருக்கும். அடுத்த முறையும் அப்படித்தான்.

வெங்காயத் தாள் நுனியில் மஞ்சள் ஏறத் தொடங்கியது. அந்த வெங்காயம் போனால் அடுத்த போகத்துக்கு விதைவெங்காயமும் இல்லை. தோட்டத்தை விற்பதுதான் வழி. வாங்குவதற்கும் ஆள் இருந்தது. "விக்கிறதெண்டால் வேறை ஆருக்கும் குடுத்திடாதை பிள்ளை, என்னட்டைச் சொல்லு" என்று சண்முகநாதன் அன்பாகத்தான் சொல்லி வைத்திருந்தார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. எத்தனையோ தரம் அவருடைய வாசற் படலை வரைக்கும் போனாள். அங்கே கொட்டிலுக்குள் அந்த மொறிஸ் கார், பெற்றோல் இல்லாமல், நாலு கல்லின் மேல் ஏறி நின்றது. அதைக் கண்டதும் படலையில் வைத்த கையை எடுத்துவிடுவாள். திரும்பி வந்துவிடுவாள்.

அந்த நாட்களில் ஊரில் கரண்ட் இல்லை, படம் இல்லை. பொழுதுபோக்கென்று இருந்தது பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்து வாசிகசாலையில் ஒவ்வொரு பூரணையும் பின்னேரம் நடந்த பட்டிமன்றம். ஓய்வு பெற்ற தபாலதிபர் நமசிவாயம்தான் எப்போதும் நடுவர். ஆர் எந்தப் பக்கம் பேசுவது என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. கட்சி பிரிப்பதில் மனத்தாங்கல் வரும் என்று, பிள்ளையாரின் காலடியில் திருவுளச்சீட்டுப் போட்டுத்தான் பிரிப்பார்கள். சீட்டில் விழுந்த பக்கத்தை மறுப்பது பிள்ளையாரை மறுப்பது போல.

அந்த ஆடிப் பூரணைக்கு நமசிவாயம் வைத்த தலைப்பு, 'இருப்பவன் அளவு மிஞ்சி வைத்திருப்பதை ஊர் பொறுக்கலாமா, பொறுக்கக் கூடாதா' என்பது. கூட்டுறவுச் சங்கக்கடைக் கியூவில் ஒரு போத்தல் எண்ணெய்க்குச் சனம் அடிபட்டதைப் பார்த்துவிட்டு வந்து வைத்த தலைப்பு. பேச வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சண்முகநாதன். வாசிகசாலைக்கு ஓடு போட்டுக் கொடுத்தவர், பேச்சில் ஒருநாளும் தோற்காதவர். மற்றவன் பரமலிங்கம். சங்கக்கடையில் சாமான் நிறுக்கிறவன், ஒரே ஒரு சேட்டு, அந்தச் சட்டையைத் தோய்த்துத் தோய்த்துப் போடுகிறவன்.

கோயில் ஐயர் கண்ணை மூடிச் சீட்டை எடுத்தார். பொறுக்கக் கூடாது என்ற பக்கம் சண்முகநாதனுக்கு விழுந்தது. பொறுக்கலாம் என்ற பக்கம் பரமலிங்கத்துக்கு.

"பிள்ளையாரும் சங்கக்கடைக் கியூவிலை நிண்டிருக்கிறார் போலை" என்றான் பரமலிங்கம். கோயில் முற்றமே சிரித்தது. சண்முகநாதனும் சிரித்தார். எந்தப் பக்கம் விழுந்தாலும் வெல்லலாம் என்ற துணிவு அவருக்கு.

பத்மாவதி பெண்கள் பக்கத்துப் பாயில் குணலட்சுமிக்குப் பக்கத்தில் இருந்தாள். பட்டிமன்றம் கேட்க வந்தாள் என்று சொல்ல முடியாது. வீட்டில் இருந்தால் வெங்காயத்தைப் பார்க்கவேண்டும். அதைப் பார்க்க மனமில்லாமல் வந்தவள்.

பரமலிங்கம் முதலில் பேசினான். "நடுவர் அவர்களே, பணக்காரரைப் பொறுக்காட்டி எனக்கு ஆர் பழைய சேட்டுத் தாறது? ஊரிலை நாலு பேரிட்டை இருந்தால்தானே நாங்கள் போய்க் கேக்கலாம். எல்லாரிட்டையும் இல்லையெண்டால் ஆரிட்டை ஆர் கேக்கிறது?" என்று தொடங்கி, சனத்தை உருட்டிப் பிரட்டிச் சிரிக்க வைத்தான். கடைசியாக, அவன் அறியாமலே, ஒரு பிழை விட்டான். "ஏன் தூரத்துக்குப் போவான்? இந்தா இருக்கிறார் சண்முகண்ணை. அந்தா இருக்கிறா பத்மாவதியக்கா. ஒரே கிணறு. ஒரு பக்கம் மிசின், ஒரு பக்கம் துலா. எப்பவாவது ஒரு சத்தம் கேட்டிருக்கோ? அதுதான் பொறுமை. அதுதான் ஊர்."

சனம் கை தட்டியது. குணலட்சுமி தட்டவில்லை. அவள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சண்முகநாதன் எழும்பினார். சும்மா சொல்லக்கூடாது, அன்று அவர் பேசியது போல ஒருநாளும் பேசவில்லை. பகிடி விடவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. "உழைச்சுச் சேர்க்கிறவனிலை எரிச்சல் படாதையுங்கோ. அது அவன்ரை கெட்டித்தனம். பத்து மாடு வைச்சிருக்கட்டும், பத்து வீடு கட்டட்டும், பொறுக்கலாம். ஆனால் அவன்ரை கை எப்ப மற்றவன்ரை பங்குக்குள்ளை போகுதோ, அங்கை எல்லை. அதுக்குப் பிறகும் பொறுக்கிறது பொறுமை இல்லை. அது பயம். பயந்த ஊர் உருப்படாது." பரமலிங்கம்கூடத் தன்னை மறந்து தலையாட்டினான்.

தீர்ப்புக்கு முன்னம், சபையில் ஆருக்காவது கேள்வி உண்டோ என்று நடுவர் கேட்பது வழக்கம். ஒருவரும் கேட்பதில்லை. நமசிவாயம் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். பத்மாவதி எழுந்து நின்றாள். நிற்பது தான்தானா என்று அவளுக்கே ஐமிச்சமாக இருந்தது.

"ஐயா, சண்முகண்ணை சொன்ன எல்லை கிணத்துக்கும் இருக்கோ?"

நமசிவாயம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "விளங்கச் சொல்லு தங்கச்சி."

"எங்கடை கிணத்திலை எனக்கு அரைவாசி. அந்த அரைவாசி இப்ப ஒழுங்கைக்குக் கீழாலை முந்திரிகைக்குப் போகுது. என்ரை நாளிலை பதினோராம் கல்லிலையும் தண்ணியில்லை. இருபது நாளாய் ஒவ்வொரு முறையும் ஏழு பாத்தி காஞ்சு கிடக்குது. தம்பி பரமலிங்கம் சத்தம் கேக்கேல்லை எண்டுது. கேக்காதுதான். நான் போடேல்லை."

சண்முகநாதனின் முகம் செம்மண்ணாகிவிட்டது. அவர் வாயைத் திறக்க, வடக்குப் பக்கத்தில் குண்டு போடும் பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டது. சனம் சிதறியது. வாசிகசாலைக்குப் பின்னால் பனங்குற்றி அடுக்கிய பங்கர் ஒன்று இருந்தது. அதற்குக் குற்றி கொடுத்தவரும் சண்முகநாதன்தான். ஓடின ஓட்டத்தில் அவரும் குணலட்சுமியும் நடுவரும் பரமலிங்கமும் பத்மாவதியும் ஒரே குழிக்குள் முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தார்கள்.

மேலே இரைச்சல் சுற்றியது. சண்முகநாதன் அவளைப் பார்க்காமல் மண்சுவரைப் பார்த்துச் சொன்னார். "உன்ரை மனிசனைக் காரிலை ஏத்தினவன் நான்."

"ஓம் அண்ணை" என்றாள் பத்மாவதி. "உங்கடை நெஞ்சிலை துவக்கை வைச்சதை நான் என்ரை கண்ணாலை கண்டனான். சாகுமட்டும் மறவன். அதுக்காகத்தான் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை. உங்கடை படலை வரைக்கும் எத்தனை தரம் வந்தனான் தெரியுமோ? காரைக் கண்டிட்டுத் திரும்பிப் போனனான்."

"பிறகேன் சபையிலை கேட்டனி?"

"நீங்கள்தானே எல்லை எங்கை எண்டு சொன்னியள். அதுவரைக்கும் எனக்குத் தெரியாது."

பரமலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. பொம்மருக்குப் பயந்து அடக்கினான். சண்முகநாதன் மண்சுவரிலிருந்து ஒரு கல்லைப் பிடுங்கிக் கீழே போட்டார். பிறகு சொன்னார்: "சரி. உன்ரை நாளிலையும் நானே மிசின் போட்டு அரை மணித்தியாலம் சும்மா இறைச்சுவிடுறன். காசு வேண்டாம். போதுமே?"

"வேண்டாம் அண்ணை."

"உனக்கென்ன விசரோ? சும்மா தாறன் எண்டுறன்."

"நீங்கள் தாற தண்ணியை நீங்கள் நிப்பாட்டலாம். என்ரை பங்கை ஒருத்தரும் நிப்பாட்டேலாது. நீங்கள் உங்கடை நாளிலை மத்தியானத்தோடை மிசினை நிப்பாட்டுங்கோ. பின்னேரமும் இரவும் கிணறு ஊறட்டும். அது போதும்."

"அப்ப முந்திரிகை?"

அதற்குப் பதில் சொன்னது குணலட்சுமி. "முந்திரிகைக்கு அந்தக் காணியிலை ஒரு கிணறு வெட்டுங்கோ. இல்லாட்டி முந்திரிகையை மறவுங்கோ. ரெண்டு பெடியனும் அங்கை பழம் வாங்கித் தின்னுறாங்கள். இஞ்சை நாங்கள் ரெண்டு பேர். ஆருக்கு இவ்வளவு முந்திரிகை?"

இரைச்சல் பலாலி விமானத்தளத்துப் பக்கம் தேய்ந்து போனது. எல்லாரும் மண்ணைத் தட்டிக்கொண்டு மேலே வந்தார்கள். சனம் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. நமசிவாயம் தன் கதிரையைத் தேடி எடுத்து இருந்து, ஒன்றும் நடவாதது போலத் தீர்ப்பைச் சொன்னார். "சண்முகநாதன் வெண்டுட்டார். பங்குக்குள்ளை கை போனால் பொறுக்கக் கூடாது எண்டதை இந்தச் சபை ஏற்குது."

வென்றவருக்கு அன்றைய பரிசு உடுப்புத் தோய்க்கிற ஒரு கட்டிச் சவர்க்காரம். அந்த நாளில் அது தங்கம். சண்முகநாதன் அதை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

பத்மாவதி அன்றைக்குச் சாப்பிடவில்லை. சரியாகச் செய்தேனா என்ற கேள்வி அவளை விடவில்லை. ஒழுங்கையில் போன இரண்டு மூன்று பேர் அவள் காதில் விழவே கதைத்துக்கொண்டு போனார்கள். சீவன் போக இருந்த மனிதனை ஏற்றிக்கொண்டு ஓடினவருக்கு இதுதான் கைம்மாறோ என்றார்கள்.

மறு நாள் சண்முகநாதனின் முறை. மிசின் விடியத் தொடங்கியது. அவள் களை பிடுங்குவது போலப் பாத்திக்குள் குந்தியிருந்து காது கொடுத்தாள். கோயிலில் மத்தியான மணி கேட்டது. மிசின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மண்ணைப் பார்த்தாள். பத்தாவது மூச்சில் மிசின் நின்றது. எண்ணெய் முடிந்திருக்கும் என்றுதான் நினைத்தாள். பொழுதுபடும் மட்டும் அது திரும்பத் தொடங்கவில்லை.

அடுத்த நாள் வெளிச்சம் வந்ததும் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் ஆறாம் வரிசையில் நின்றது. ஒரு தரம் எண்ணியது போதாமல் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் எண்ணினாள். ஆறுதான். துலாக்கொடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"என்னக்கா, கிணத்துக்குப் பூசை செய்யிறியளோ?"

பரமலிங்கம் வேலியடியில் நின்றான். சேட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தான்.

"நீ ஏன்ரா இஞ்சை?"

"பட்டிமன்றத்திலை என்னைத் தோக்கடிச்ச ஆளை ஒருக்கால் பாப்பமெண்டு வந்தனான். தள்ளுங்கோ. உந்த வாளியாலை தனிய இறைச்சால் பொழுதுபடும். நான் துலா மிதிக்கிறன், நீங்கள் கொடியைப் பிடியுங்கோ."

அன்று மட்டுமல்ல, அந்தப் போகம் முடியும் வரை அவளுடைய ஒவ்வொரு முறைக்கும் சங்கக்கடை திறக்க முன்னம் அவன் வந்தான். துலாவின் மேல் அங்குமிங்கும் நடந்துகொண்டே பழைய பேச்சைத் திரும்பப் பேசுவான். பொறுக்கலாம் என்ற பக்கத்தில் தான் சொல்ல மறந்த நியாயமெல்லாம் சொல்வான். கீழே நின்று அவள் மறுப்பாள். சில நாளில் அவள் வெல்வாள், சில நாளில் அவன். பத்துப் பாத்தியும் நனைந்தது. முதல் மஞ்சள் நின்றது. பிறகு நடுவிலிருந்து புதுத் தாள் கரும்பச்சையாக எழும்பியது.

சண்முகநாதன் மட்டும் பேசவில்லை. ஒழுங்கையில் எதிரே வந்தால் வேலியைப் பார்த்துக்கொண்டு போவார். ஆனால் ஒவ்வொரு முறையும் மத்தியான மணியோடு மிசின் நின்றது. பந்தலில் கடைசி வரிசைக் கொடிகள் கருகத் தொடங்கின. அதைக் காணும்போதெல்லாம் பத்மாவதி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கருகுகிற எந்தப் பயிரையும் அவளால் பார்க்க முடியாது.

ஆவணி முடிவில் வெங்காயம் கிண்டினாள். நல்ல விளைச்சல். காய வைத்து, பிடியாகக் கட்டி, விதைக்கென்று ஒரு பங்கை வீட்டுக் கூரை வளையில் தொங்கவிட்டாள். பரமலிங்கத்துக்கு ஒரு கடகம் நிறைய. மிச்சத்தில் இரண்டு நல்ல பிடியைத் தேடி ஒரு கடகத்தில் எடுத்துக்கொண்டு சண்முகநாதனின் படலையைத் திறந்தாள். இந்தத் தரம் காரைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

அவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார். எழும்பவில்லை.

"இதென்ன, தண்ணிக்கோ?"

"தண்ணிக்கு ஏன் தாறன்? அது என்ரை பங்கு."

"பிறகென்னத்துக்கு?"

"காருக்கு" என்றாள்.

சண்முகநாதன் வெங்காயத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதன் வேரில் ஒட்டியிருந்த செம்மண்ணை விரலால் உதிர்த்தபடி இருந்தார். குணலட்சுமி குசினி வாசலில் வந்து நின்றாள்.

"இன்னொண்டு அண்ணை" என்றாள் பத்மாவதி. "புரட்டாதி முடியுமட்டும் எனக்குத் தண்ணி தேவையில்லை. தோட்டம் சும்மாதான் கிடக்கப்போகுது. என்ரை நாளையும் நீங்கள் எடுங்கோ. முந்திரிகைக்கு விடுங்கோ. பாவம், கருகுது."

"அது உன்ரை பங்கெல்லோ."

"ஓம். அதாலைதான் நான் தாறன்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பட்டிமன்றத்துக்குப் பிறகு முதல் தரம் பார்த்தார். "உனக்கு வாய் கூடிப்போச்சு, பத்மா."

"தண்ணியும் கூடித்தான் இருக்கு. போய் மிசினைப் போடுங்கோ, இண்டைக்கு என்ரை நாள்."

குணலட்சுமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். வரும்போது கையில் அந்தப் பரிசுச் சவர்க்காரக் கட்டியில் பாதி இருந்தது. நேர் நடுவில் கத்தியால் வெட்டியிருந்தாள். அதைப் பத்மாவதியின் வெறுங் கடகத்துக்குள் வைத்தாள்.

பத்மாவதி தன் வீட்டுப் படலைக்குத் திரும்பி வரும்போது கிணற்றடியில் மிசின் சத்தம் கேட்டது. அன்று மத்தியான மணிக்குப் பிறகும் அது ஓடியது.